க்ரூனர் ஃபெல்ட்லினரும் வெண்ணெயில் பொரித்த மீனும்

வெள்ளை ஒயின் என்றால் பெரும்பாலும் கைக்கு வருவது ஷார்டனே, இல்லையென்றால் சோவின்யோன் ப்ளாங்க். இந்த இரண்டிலேயே சுற்றிச்சுற்றி வந்த நாக்குக்கு வேறொன்றைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றுதான் ஆஸ்திரியாவின் க்ரூனர் ஃபெல்ட்லினரை எடுத்தேன். இதோடு என்ன சாப்பிடலாம் என்று தேடினால் மீன், கோழி, சாலட், பாலாடைக்கட்டி, காரமான உணவு என்று கையில் கிடைத்ததையெல்லாம் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றோடும் சேரும் என்று சொல்வது ஒன்றும் சொல்லாததற்குச் சமம். அதனால் நான் வேறு வழியில் போனேன். முதலில் ஒயினைத் தனியாகச் சுவைப்பது, பிறகு உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் ஒவ்வொன்றோடும் ஒரு வாய் குடித்துப் பார்ப்பது, அதற்கப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பது. பாட்டிலுக்குள் இருப்பதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. தட்டில் இருப்பதைக் கடைசி நிமிடம் வரை மாற்றலாம்.

திறக்கும் முன் லேபிளை நிதானமாகப் படித்தேன். பழக்கமில்லாத ஒயினில் பாதித் தகவல் அங்கேயே கிடைத்துவிடும். ஆஸ்திரியாவின் திராட்சைத் தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு க்ரூனர்தான். டானூப் ஆற்றை ஒட்டிய வாஹாவ், கிரெம்ஸ்டால், பக்கத்திலேயே காம்ப்டால், வடகிழக்கில் பரந்து கிடக்கும் வைன்ஃபியர்டல் ஆகியவை இதற்குப் பேர்போன வட்டாரங்கள். என் பாட்டில் வைன்ஃபியர்டல் டி.ஏ.சி. வகை. இன்ன வட்டாரத்து ஒயின் இன்ன சுவையில்தான் இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் இந்த டி.ஏ.சி. முறை ஆஸ்திரியாவில் முதலில் வந்தது வைன்ஃபியர்டலுக்குத்தான், 2002-இல். அடிப்படை வகையில் மர வாசம் தூக்கலாக இருக்கக் கூடாது என்பதும் விதியில் உண்டு. ஆக, ஓக் பீப்பாயில் கிடந்த ஷார்டனேயின் வெண்ணெய், வனிலா வாசத்தை இதில் தேட வேண்டாம் என்பது மூடியைத் திறக்காமலே தெரிந்துவிட்டது.

வாஹாவ் பாட்டில் கிடைத்தால் அங்கே வேறு கணக்கு. ஷ்டைன்ஃபெடர் என்றிருந்தால் ஆல்கஹால் 11.5 சதவீதத்தைத் தாண்டாது. ஃபெடர்ஷ்பீல் 11.5 முதல் 12.5 வரை. ஸ்மராக்ட் என்றால் குறைந்தது 12.5, பெரும்பாலும் அதற்கு மேலே. இலேசான இரவுச் சாப்பாட்டுக்கு முதல் இரண்டும் போதும். ஸ்மராக்ட் கனமானது, அதற்குத் தட்டிலும் கனம் வேண்டும். ‘ட்ரோக்கன்’ என்ற சொல் இருந்தால் இனிப்பில்லாத ஒயின், அதாவது லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாதது. என் பாட்டிலில் அந்தச் சொல்லும் 12.5 சதவீதமும் இருந்தன. மூடியின் உச்சியில் சிவப்பு, வெள்ளை, சிவப்புப் பட்டை. தரச் சோதனையில் தேறிய ஒயினுக்கு மட்டும் வரும் அடையாளம் அது. 1985-இல் சில உற்பத்தியாளர்கள் ஒயினுக்குக் கனமும் இனிப்பும் கூட்ட டையெத்திலீன் கிளைக்காலைக் கலந்து மாட்டிக்கொண்டார்கள். ஏற்றுமதியே படுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஆஸ்திரியா தன் ஒயின் சட்டத்தை இறுக்கிய இறுக்கில் இன்று அந்நாட்டு லேபிளை நம்பி வாங்கலாம்.

திருகுமூடி போட்டிருந்தது. இதைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரியாவில் நல்ல வெள்ளை ஒயின்களுக்கும் திருகுமூடிதான் போடுகிறார்கள். கார்க் வாடையடித்துப் போகும் தொல்லை இல்லை, மிச்சத்தை மூடி வைப்பதும் சுலபம்.

அப்புறம் குளிர்விப்பது. எனக்கு இங்கேதான் பாதி மாலை போனது, போனதற்கு வருத்தமும் இல்லை. குளிர்பதனப் பெட்டியின் உட்புறம் 4, 5 டிகிரி இருக்கும். இரவெல்லாம் உள்ளே கிடந்த பாட்டிலை அப்படியே ஊற்றினால் எந்த வெள்ளை ஒயினும் ஒரே மாதிரிதான் இருக்கும்: சில்லென்று, புளிப்பாக. அவசரத்துக்குக் குளிர்விக்க வேண்டுமென்றால் வாளியில் பனிக்கட்டியோடு தண்ணீரும் ஊற்ற வேண்டும். வெறும் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், அது சூட்டை வாங்காது. தண்ணீர் பாட்டிலைச் சுற்றிலும் ஒட்டி நிற்கும், இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு கை உப்பு அள்ளிப் போட்டால் இன்னும் சீக்கிரம்.

மாமிசம் வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தது. அதைக் கோப்பைக்குள் விட்டே சுவைத்தேன். 5 டிகிரியில் எலுமிச்சைத் தோலின் கூர்மை மட்டும் தெரிந்தது, வாசம் இல்லை என்றே சொல்லலாம். அந்தக் கோப்பையை மேசையில் விட்டுவிட்டுக் காய் நறுக்கப் போனேன். 9-ஐத் தொட்டபோது ஒயினே மாறியிருந்தது. பச்சைப் பேரிக்காய், பச்சை ஆப்பிளின் தோல், கொஞ்சம் சாத்துக்குடி, அடியில் இலையைக் கிள்ளினால் வருவது போன்ற ஒரு பச்சை வாசம். விழுங்கிய பிறகு நாக்கின் பின்புறம் மெல்லிய கசப்பு. மிக நுண்ணிய குமிழ்கள் நாக்கு நுனியைச் சுருக்கென்று தொட்டன. நொதித்தலில் உண்டான கரியமில வாயுவில் கொஞ்சத்தை இளம் வெள்ளை ஒயினில் விட்டுவைப்பது வழக்கம், அது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. 14 டிகிரியில் ஆல்கஹாலின் சூடு மூக்கில் ஏறியது, புளிப்பு தளர்ந்து ஒயின் தொளதொளவென்று ஆனது. 8-லிருந்து 10 வரைதான் இதன் இடம் என்று குறித்துக்கொண்டேன். கோப்பையில் ஊற்றியதுமே ஓரிரு டிகிரி ஏறிவிடும் என்பதால் 7-இல் எடுத்து ஊற்றுவது சரியாக வருகிறது. பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தாலும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

க்ரூனரைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் மிளகு வாசத்தைச் சொல்வார்கள். எனக்கு அது 9 டிகிரியில், கோப்பையைச் சுழற்றிய பிறகு, லேசாகக் கிடைத்தது. அப்போதே பொடித்த வெள்ளை மிளகு தூரத்தில் இருப்பது மாதிரி. சாப்பிட வந்திருந்த அக்காவிடம் கோப்பையை நீட்டினேன்.

“மிளகா? எங்கடா மிளகு? எனக்கு ஆப்பிள்தான் வருது.”

“நல்லா சுழற்றிட்டு மோந்து பாரு அக்கா.”

“சுழற்றியாச்சு. சுழற்றின ஆப்பிள் வருது.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வாசத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள். மிளகிலும் அதுவேதான் இருக்கிறது. 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸ் சிவப்பு ஒயினில் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். தண்ணீரில் லிட்டருக்கு 8 நானோகிராம் இருந்தாலே, அதாவது ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்து அதில் எட்டுத் துணுக்கு இருந்தாலே, மூக்கு பிடித்துவிடும். ஆனால் அதே ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அளவை எத்தனையோ மடங்கு கூட்டிக் கொடுத்தும் வாசமே தெரியவில்லை. க்ரூனர் பழத்தில் இது தோலில்தான் சேர்கிறது. வெள்ளை ஒயினுக்குத் தோலைச் சீக்கிரமே பிரித்துவிடுவார்கள் என்பதால் பாட்டிலுக்குள் வந்து சேர்வதும் கொஞ்சம்தான். ஆகவே மிளகு தெரியவில்லை என்றால் உங்கள் ரசனையில் குறை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டுக்குப் பொருத்தம் பார்க்க அந்த வாசம் தேவையும் இல்லை. தேவையானது புளிப்பும் கசப்பும் கனமும்.

அதைப் பார்க்கத்தான் சின்னத் தட்டில் கல் உப்பு, எலுமிச்சைத் துண்டு, ஒரு சொட்டுத் தேன், வெண்ணெய், வேகவைத்த காளான், மிளகாய் விழுது ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்தேன். கோப்பையில் மூன்று விரல் ஒயின். ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்து, மென்று விழுங்கி, உடனே ஒரு வாய் ஒயின், பிறகு தண்ணீர், வெறும் ரொட்டி.

உப்போடு அந்தப் பின்கசப்பு போயே போய்விட்டது. கசப்பை உப்பு அமுக்கும் என்பது சமையல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஒயினில் அது இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை ஒளிந்திருந்த பழச் சுவை முன்னால் வந்தது. எலுமிச்சையைச் சப்பிவிட்டுக் குடித்தபோது ஒயின் மென்மையாக, கிட்டத்தட்ட இனிப்பாக இருந்தது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு ஒயினை விடப் பல மடங்கு அதிகம். அதற்கு ஒருமுறை பழகிய நாக்குக்கு அடுத்து வரும் ஒயின் சாதுவாகத் தெரிகிறது. தேன் இதற்கு நேர் எதிர். அரைச் சொட்டுதான், ஆனால் அதற்கப்புறம் வந்த ஒயின் வெறும் புளித் தண்ணீர். பழமெல்லாம் காணாமல் போனது. அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு, “இந்தத் தேனை மட்டும் சமையல் பக்கமே கொண்டு வராதே” என்றார்.

காளான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. உப்பில்லாமல் வெந்த காளானுக்குப் பிறகு ஒயினின் கசப்பு கூடியது, ஒரு வறட்சியும் வந்தது. காளான், சோயா சாஸ், முதிர்ந்த பாலாடைக்கட்டி போன்றவற்றில் உள்ள உமாமி சுவை ஒயினை முரடாக்கும். காளான் மேல் நான்கு கல் உப்பும் இரண்டு சொட்டு எலுமிச்சையும் போட்டு மறுபடி பார்த்தால் முரட்டுத்தனம் அடங்கிவிட்டது. சோயா சாஸிலும் பாலாடைக்கட்டியிலும் உப்பு ஏற்கெனவே இருப்பதால் அவை தாமாகவே தப்பித்துக்கொள்கின்றன.

மிளகாய் விழுதுக்குப் பின் குடித்த ஒயின் எரிச்சலைத் தணிக்கவில்லை, ஏற்றிவிட்டது. வாயில் சூட்டையும் மிளகாயின் காரத்தையும் உணர்வது ஒரே ஏற்பிதான். சாதாரணமாக 42 டிகிரிக்குப் பக்கத்தில்தான் அது விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் 34-லேயே விழித்துவிடும், அது நம் வாயின் இயல்பான சூட்டைவிடக் குறைவு. காரமான உணவோடு க்ரூனர் பொருந்தும் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. காரம் வேண்டுமென்றால் ஆல்கஹால் குறைந்த, கொஞ்சம் இனிப்பு மிச்சமிருக்கும் ரீஸ்லிங் பக்கம் போவதே மேல். வெண்ணெய் பெரிதாக எதையும் மாற்றவில்லை, ஆனால் அடுத்த வாய்க்கு ஆசையைக் கிளப்பியது.

இவ்வளவும் தெரிந்தபின் சமையல் தானாகவே முடிவாகிவிட்டது. தடித்த வெள்ளை மீன் துண்டுகள், தோலோடு. வெண்ணெய், எலுமிச்சை. வேகவைத்த உருளைக்கிழங்கு. பூண்டு போட்டு வதக்கிய பச்சை பீன்ஸ். இனிப்பு எங்கும் இல்லை, மிளகாய் எங்கும் இல்லை, உப்பு தாராளம்.

மீனைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, உப்பு தடவிப் பத்து நிமிடம் விட்டேன். மேலே மறுபடி நீர் கோத்துக்கொள்ளும், அதையும் ஒற்றிவிட வேண்டும். இல்லையென்றால் வாணலியில் பொரியாது, வேகும். தோல் பக்கம் கீழே, முதலில் எண்ணெய் மட்டும். மீன் போட்டதும் சுருண்டு எழும், அப்போது தட்டையான கரண்டியால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் தோல் முழுக்க ஒரே மாதிரி முறுகும். கீழிருந்து வெள்ளை நிறம் முக்கால் உயரம் ஏறியதும் திருப்பி, வெண்ணெயைச் சேர்த்து, அடுப்பைக் குறைத்து, உருகிய வெண்ணெயைக் கரண்டியால் மேலே ஊற்றிக்கொண்டே இருந்தேன். மீனை எடுத்த பிறகு அதே வாணலியில் அரைக் கோப்பை க்ரூனர். அடியில் ஒட்டியதைச் சுரண்டி, மூன்றில் ஒன்றாக வற்றும் வரை கொதிக்கவிட்டேன்.

இந்த இடத்தில் கவனம் வேண்டும். வற்றும்போது தண்ணீரும் ஆல்கஹாலும் போகும், ஒயினின் டார்டாரிக், மாலிக் அமிலங்கள் போகாது, இறுகும். வற்றிய ஒயின் நாம் ஊற்றியதை விட நன்றாகவே புளிக்கும். அதனால் எலுமிச்சையைக் கடைசியில், சுவைத்துப் பார்த்து, சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுக் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சுழற்றினால் சாறு பளபளவென்று திரண்டு வரும். இன்னொன்று, கொதித்தால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்பது சரியல்ல. அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி 15 நிமிடம் கொதித்த பின்னும் 40 சதவீதம் மிஞ்சும், இரண்டரை மணி நேரம் கழித்தும் 5 சதவீதம் இருக்கும். ஆல்கஹால் தொடாதவர்கள் மேசையில் இருந்தால் இந்தச் சாற்றை மீன்மேல் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வைப்பதே மரியாதை. அவர்களுக்கு வெண்ணெயும் எலுமிச்சையும் போதும்.

பரிமாறும் முன் சாற்றை ஒரு கரண்டி எடுத்துக் குடித்து, உடனே ஒரு வாய் ஒயின் குடித்தேன். ஒயின் கொஞ்சம் தட்டையாகத் தெரிந்தது, அதாவது சாற்றின் புளிப்பு தேவைக்கு மேல். ஒரு துண்டு வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்ததும் நேரானது. இந்த ஒரு நிமிட வேலைக்குத்தான் அந்த உப்பு, தேன் சோதனையெல்லாம். எது தூக்கல், எதைச் சேர்த்தால் சரியாகும் என்பதை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மீனோடு ஒயின் பிரமாதம். முறுகிய தோலின் உப்பும் வெண்ணெயும் வாயில் இருக்கும்போது குடித்தால் அந்த நுண்ணிய குமிழும் புளிப்பும் எல்லாவற்றையும் கழுவிவிட்டு, பேரிக்காய் வாசத்தை மட்டும் விட்டுப் போயின. மீன் கவுச்சி துளியும் எழவில்லை. சிவப்பு ஒயினோடு மீன் சாப்பிடும்போது வரும் அந்தக் கவுச்சிக்கு ஒயினில் உள்ள இரும்பும் ஒரு காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வெள்ளை ஒயின்களில் பொதுவாக இரும்பு குறைவு.

எனக்கு இதைவிடப் பிடித்தது பீன்ஸ்தான். பச்சைக் காய்கறி ஒயினுக்கு ஆகாது என்று சொல்வதுண்டு. ஓக் வாசமடிக்கும் ஷார்டனேயோடு பீன்ஸ் சாப்பிட்டால் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது, உலோகத்தை நக்கியது போல. க்ரூனரில் ஏற்கெனவே ஒரு பச்சை வாசமும் கசப்பும் இருப்பதால் பீன்ஸ் அதனோடு சண்டை போடவில்லை. பூண்டு நன்றாகச் சிவந்திருந்ததும் உதவியது. ஐரோப்பியர்கள் அஸ்பாரகஸுக்கு இந்த ஒயினைத் தேடிப்போவதன் நியாயம் இப்போது புரிகிறது. உருளைக்கிழங்கு மட்டும் வெறுமனே நின்றது. சாற்றில் புரட்டி, மேலே உப்புத் தூவியதும் அதுவும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.

மிச்சமிருந்த மிளகாய் விழுதை அக்கா தன் மீனில் தொட்டுக்கொண்டார். இரண்டு வாய்க்குப் பிறகு கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். மீன் நன்றாக இருந்தது, ஒயின்தான் அவருக்கு அன்றைக்கு முடிந்தது. காரத்தை விட மாட்டேன் என்பவர்களோடு சாப்பிடுவதாக இருந்தால் இந்த ஒயினைச் சாப்பாட்டுக்கு முன்னால், உப்பு போட்டு வறுத்த பாதாமோடு கொடுத்துவிடுவது நல்லது.

750 மில்லி பாட்டில் இரண்டு பேருக்கு அதிகம், அதில் ஏறக்குறைய 94 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை மூடிப் பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் சுவைத்தபோது குமிழ் போயிருந்தது, வாசம் கொஞ்சம் விரிந்திருந்தது, மிளகு எனக்கு முந்தைய நாளை விடத் தெளிவாகவே கிடைத்தது. அடியில் கண்ணாடித் தூள் மாதிரி சில படிகங்கள் ஒதுங்கியிருந்தன. குளிரில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு அப்படிப் படியும், சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது. வடிகட்டத் தேவையில்லை, பாட்டிலை அலுங்காமல் சாய்த்தால் அடியிலேயே நின்றுவிடும். நாள் செல்லச் செல்ல பழ வாசம் மங்கும், அதனால் மூன்று நாளுக்கு மேல் குடிப்பதற்கென்று வைத்திருக்க மாட்டேன். அதற்குப் பிறகும் மிஞ்சினால் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்துவிட்டு, அடுத்த மீன் பொரிக்கும்போது ஒவ்வொரு கட்டியாக வாணலியில் போட்டுக்கொள்ளலாம்.